வேங்கடத்தடியில் வான்வழி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இத்திருப்பதி நகரில் 'விமானம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. மலைமேல் பொன் வேய்ந்து ஒளிரும் ஆனந்த நிலைய விமானம் ஒன்று. மலையடியில், ரேணிகுண்டாவில், வந்து இறங்கும் ஆகாய விமானம் மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பேசத் தகுதியுடைய பெரியோர் இவ்வவையில் பலர் உளர். பின்னதைப் பற்றிச் சில சொற்கள் கூறவே நாம் இங்கு நிற்கிறோம். தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் இருக்கலாம், இசை இருக்கலாம். நாட்டின் விமானக் கொள்கைக்கு இங்கே என்ன வேலை என்று எவரேனும் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கக் குடும்பம் ஒன்றில் ஓர் அம்மையார் காலமானார். பெயர் வேண்டா, இங்கிருப்போரில் பலர் அறிவர். மூத்த மகன் குவைத்தில் இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. மாலையில் செய்தி சென்றது. நள்ளிரவுக்குள் பயணச்சீட்டு வாங்கிப் புறப்பட்டுவிட்டான். குவைத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கே இறங்கிப் பெட்டியைப் பெற்று, வாடகைக் கார் பிடித்து, திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று நான்கு மணி நேரம் சாலையில் வந்தான். வழியில் ரேணிகுண்டாவைக் கடந்தான். அங்கேயும் ஒரு விமான நிலையம் இருந்தது. அதற்கும் 'சர்வதேச விமான நிலையம்' என்றுதான் பெயர். ஆனால் அவன் ஏறி வந்த நாட்டிலிருந்து அங்கே இறங்க ஒரு விமானமும் இல்லை. அவன் வீடு வந்து சேர்ந்தபோது இளையவன் கொள்ளி வைத்துத் திரும்பியிருந்தான். உச்சி வெயில் வரை காத்திருந்தவர்கள் அதற்குமேல் காத்திருக்க இயலவில்லை. "அரை நாள் முன்னே வந்திருக்கக் கூடாதா, தம்பி?" என்று கேட்ட முதியவருக்கு அவன் என்ன விடை சொல்வான்? விடை சொல்ல வேண்டியவன் அவன் அல்லனே!

அன்பர்களே, அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றியதே இன்றைய நம் பேச்சு.

நாம் யார்? வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லை என்று பழநூல்கள் கூறும். 1911ஆம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதிகளையும் பிற பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது எல்லை பற்றிய வழக்கு எழுந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இம்மண்ணிலேயே பிறந்த தமிழரும் உண்டு. வாணிகத்திற்கும், ரயில்வே பணிக்கும், ஆசிரியத் தொழிலுக்கும், தொழிற்சாலை வேலைக்கும் தெற்கிலிருந்து வந்து குடியேறிய நம் போன்றோரும் உண்டு. நாம் இங்கு வந்தோம். நம் பிள்ளைகள் இங்கிருந்தும் சென்றனர். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், குவைத் என்று அவர்கள் பரவியிருக்கின்றனர். நமக்கு மட்டுமா இந்நிலை? இராயசோட்டி, பீலேறு, மதனப்பள்ளி வட்டாரங்களிலிருந்து வீட்டுவேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் குவைத்துக்குச் சென்ற தெலுங்குச் சகோதரிகளும் சகோதரர்களும் நம்மிலும் மிகப் பலர். புலம் பெயர்ந்தவன் துயரத்துக்கு மொழி வேற்றுமை கிடையாது.

இனி, விமானம் நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஒன்றைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டு சேர்த்தார். ஆகவே இந்திய விமானப் போக்குவரத்தின் முதல் வழித்தடமே நம் பக்கத்தில் வந்து முடிந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். 1953இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி விமான நிறுவனங்களை அரசுடைமையாக்கியது. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று இரு கழகங்கள் தோன்றின. நாற்பதாண்டு காலம் அவையே வானத்தை ஆண்டன. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் முறையாகப் புகுந்தன. 2003இல் குறைந்த கட்டண விமானம் என்னும் புதுமை பிறந்தது. நடுத்தரக் குடும்பத்தார் அப்போதுதான் அச்சமின்றி விமானச் சீட்டின் விலையைக் கேட்கத் தொடங்கினர். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடமே சென்றது. தொண்ணூறு ஆண்டுகளில் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது.

இவ்வளவில் நம் ரேணிகுண்டாவின் கதை என்ன? 2015 அக்டோபர் 22ஆம் நாள் கருடன் பெயர் தாங்கிய புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். 2286 மீட்டராயிருந்த ஓடுபாதையை நீட்டும் பணி அதன் பின் மேற்கொள்ளப்பட்டது. அதற்கு நிலம் தந்த உழவர்களை இந்நேரத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது வெறும் மண்ணன்று, பரம்பரைச் சோறு. 2017இல் நிலையத்திற்குச் 'சர்வதேச' என்னும் பட்டம் வந்தது. பட்டாசு வெடித்தோம், இனிப்பு வழங்கினோம். ஆனால் 2017 முதல் 2025 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு வெளிநாட்டுச் சேவையும் அங்கே நிலைபெறவில்லை. பெயர் வந்தது; விமானம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் ஊரையும் காணுங்கள். மதுரைக்கு 2012இல் கொழும்பிலிருந்து வெளிநாட்டு விமானம் வந்தபோது அதற்குச் 'சர்வதேச' என்னும் பட்டம் இல்லை. சுங்க அதிகாரிகளும் குடியேற்ற அதிகாரிகளும் அமர்வதற்கு இடம் இருந்தது, பயணிகள் இருந்தனர், விமானம் பறந்தது. ஆகவே பட்டம் வேறு, பறத்தல் வேறு என்பது தெளிவு. பறப்பதற்கு வேண்டுவன யாவை?

ஓடுபாதை வேண்டும், சுங்கம் வேண்டும், இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. யாவரும் அறியாதது ஒன்று உண்டு. அதுதான் இறங்கும் உரிமை.

1944இல் சிகாகோ நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்திற்குத் தானே உரிமையாளன் என்பது அதன் முதல் விதி. எனவே ஒரு நாட்டின் விமானம் மற்றொரு நாட்டில் காலம் குறித்து வந்து போக வேண்டுமாயின், இரு நாட்டு அரசாங்கங்களும் தனியே ஒப்பந்தம் செய்ய வேண்டும். வாரத்திற்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்பன அவ்வொப்பந்தத்தில் எழுதப்படும். ஊர்ப்பட்டியலில் பெயர் இல்லாத நிலையத்தில் அயல்நாட்டு நிறுவனம் இறங்க முடியாது. நிலையம் எவ்வளவு அழகாயிருப்பினும், ஓடுபாதை எவ்வளவு நீளமாயிருப்பினும், முடியாது. திருமணத்திற்கு மண்டபம் தயார். அழைப்பிதழில் மட்டும் நம் வீட்டு விலாசம் இல்லை என்பது போன்ற நிலை இது.

2003இல் இந்திய அரசாங்கம் ஆசியான் நாடுகளுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து முதலிய அந்நாடுகளின் நிறுவனங்கள் இந்தியாவில் 18 ஊர்களுக்கு, எண்ணிக்கைக் கட்டுப்பாடின்றி, வந்து போகலாம் என்பதே அது. அப்பட்டியலில் திருச்சிராப்பள்ளி உண்டு, விசாகப்பட்டினம் உண்டு. யாத்திரைத் தலங்களாகிய கயையும், வாரணாசியும், அமிர்தசரசும் உண்டு. திருப்பதி இல்லை!

இதன் பயன் கண்கூடு. திருச்சிராப்பள்ளி பெருநகரமன்று, ஆயினும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் அதற்கு அடுத்த தெரு போலாயின. உள்நாட்டுப் பயணிகளை விட வெளிநாட்டுப் பயணிகள் மிகுந்த நிலையமாக அது நெடுங்காலம் விளங்கியது. 2024இல் அங்கே பெரிய புதிய முனையமும் எழுந்தது. கயைக்குப் பௌத்த யாத்திரிகர்கள் வரும் குளிர்காலத்தில் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து விமானங்கள் நேரே வந்து இறங்குகின்றன. புத்தர் ஞானம் பெற்ற மண்ணுக்கு அவ்வழி திறந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. நாள்தோறும் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் மலையேறும் திருவேங்கடத்திற்கும் அவ்வழி ஏன் திறக்கவில்லை என்பதே நம் கேள்வி.

ஆயினும் ஒருபக்கமே பேசுவது சான்றோர்க்கு அழகன்று. அரசாங்கம் உரிமைகளை எண்ணி எண்ணிக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அதை நேர்மையாகச் சொல்லுவோம்.

வளைகுடா நகரங்களின் பெரிய நிறுவனங்கள் நம் பயணியைத் தம் ஊருக்கு மட்டும் அழைத்துச் செல்லுவதில்லை. துபாயிலும் தோகாவிலும் இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றி, இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கொண்டு செல்லுகின்றன. துபாய்க்கு வாரத்திற்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் உண்டு. அபுதாபிக்கு 2013இல் 13,330 இருக்கைகளிலிருந்து 50,000ஆக உயர்த்தினார்கள். இதனால் இந்தியாவிலிருந்து நெடுந்தூரம் பறக்க வேண்டிய இந்திய நிறுவனங்கள் நலிந்தன என்பது ஒரு சாரார் வாதம். டில்லியும் மும்பையும் பெங்களூரும் துபாயைப் போல் உலகச் சந்திப்புகளாக வேண்டும், அதற்கு நம் பயணிகள் நம் விமானங்களிலேயே செல்ல வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றது. இத்தனை நிறுவனங்கள் வீழ்ந்த நாட்டில் உள்ளூர் நிறுவனத்தைக் காக்க வேண்டும் என்ற கவலையைக் குறை கூற முடியாது.

ஆனால் இக்கொள்கையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குவைத்துக்குச் செல்லும் வீட்டுவேலைக்காரி அங்கிருந்து இலண்டனுக்குப் போகிறவள் அல்லள். அவள் பயணம் குவைத்திலேயே முடிகிறது. உலகச் சந்திப்பு டில்லியில் அமைந்தாலும் துபாயில் அமைந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஐரோப்பாவுக்குச் செல்லும் செல்வரின் பயணத்தை யார் கொண்டு செல்வது என்ற போட்டியில், அவள் நான்கு மணி நேரச் சாலைப் பயணத்தைக் கூலியின்றிக் கொடுத்து வருகிறாள். பெரியவர் வழக்கில் சிறியவர் அபராதம் கட்டுவது முறையா?

இனி இரண்டாம் கதவுக்கு வருவோம். அயல்நாட்டு நிறுவனத்திற்குத்தான் ஊர்ப்பட்டியல் தடை. நம் நாட்டு நிறுவனத்திற்குப் பெரும்பாலும் அத்தடை இல்லை. சுங்க வசதியுள்ள எந்த ஊரிலிருந்தும் அது புறப்படலாம். பின் ஏன் ரேணிகுண்டாவிலிருந்து ஒரு நிறுவனமும் புறப்படவில்லை?

இதற்கு விடை பெரிய நிலையத்தின் ஈர்ப்பு. மீனம்பாக்கத்திலிருந்து திருப்பதி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சித்தூர்வாசிக்கோ சென்னை ஒரு பக்கம், பெங்களூர் மறுபக்கம், திருப்பதி எழுபது கிலோமீட்டரில். பெரிய நிலையத்தில் நாளுக்குப் பல விமானங்கள்; விரும்பிய நேரம்; போட்டியால் கட்டணமும் சற்றுக் குறைவு. ஆகவே ஊரார் சென்னைக்குப் போகிறார்கள். ஊரார் சென்னைக்குப் போவதால் இங்கு விமானம் வருவதில்லை. இங்கு விமானம் வராததால் ஊரார் சென்னைக்குப் போகிறார்கள். இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

அரசாங்கப் பணத்தால் உடைக்கலாமே என்பார் சிலர். அதற்கும் நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2018 டிசம்பரில் விஜயவாடாவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் தொடங்கியது. நிரம்பாத இருக்கைகளுக்கு ஈடு செய்வதாக மாநில அரசாங்கம் பொறுப்பேற்றிருந்தது. அந்த உதவி நின்றதும் 2019இல் விமானமும் நின்றது. ஊன்றுகோலில் நின்ற சேவை ஊன்றுகோலை எடுத்தவுடன் விழுந்தது. மேலும், விமானத்தில் ஏறாத ஏழையின் வரிப்பணத்தை விமானத்தில் ஏறுவோர்க்குக் கொடுப்பது எவ்வளவு தூரம் நியாயம் என்பதையும் நாம் எண்ண வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் வரும் கோடானு கோடி யாத்திரிகர்களே இந்நகரின் உயிர்.

எரிபொருள் வரியைக் குறைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். விமானம் ஓட்டும் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளுக்கே போகிறது. ஆந்திரத்தில் அதன்மீது மாநில வரி நூற்றுக்கு ஒன்று. தமிழகத்தில் நூற்றுக்கு 29 என்று நெடுங்காலம் இருந்து வந்தது. எவ்வளவு வேற்றுமை! உள்நாட்டு விமானத்திற்கு இது நல்ல கவர்ச்சியே. ஆனால் வெளிநாட்டுக்குப் புறப்படும் விமானத்தில் நிரப்பும் எரிபொருள் ஏற்றுமதி போலக் கருதப்பட்டு அவ்வரியிலிருந்து விலக்குப் பெறுகிறது. எனவே குவைத் விமானத்தைச் சென்னையிலிருந்து ரேணிகுண்டாவுக்கு இழுக்க இந்த வரிக் குறைப்பால் முடியாது.

உள்நாட்டுச் சேவையிலாவது நாம் நிறைவு பெற்றோமா? 2015 ஜூலையில் ட்ரூஜெட் என்னும் சிறு நிறுவனம் ஐதராபாத்துக்கும் திருப்பதிக்கும் இடையே தன் முதற் சேவையைத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் சிற்றூர்களை இணைக்கும் 'உடான்' திட்டம் பிறந்தபோது கடப்பையிலிருந்தும் அது பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டணம் 2500 ரூபாய்க்கு உட்பட்டது என்பது அத்திட்டத்தின் சிறப்பு. ஆனால் அந்நிறுவனமும் 2022இல் நின்றுவிட்டது. சிறியவை மறைய, இன்று நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் இரண்டே குழுமங்களின் விமானங்களில் செல்லுகின்றனர். இதன் விளைவை 2025 டிசம்பர் தொடக்கத்தில் கண்டோம். விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆயத்தம் செய்யாமையால் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்த நேர்ந்தது. நாடெங்கும் மக்கள் நிலையங்களில் தவித்தனர். ஏனைய நிறுவனங்களின் கட்டணம் ஏறியது. அரசாங்கம் உச்சவரம்பு விதித்தது. ஒரே தூணில் கூரை போட்டால் தூண் அசையும்போது வீடே அசையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிலையங்களுக்குள்ளும் போட்டி உண்டு. ஒரு நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் கட்டுவதாயின், பழையதற்கு நேரும் பாதிப்பை ஆராய்ந்து மத்திய அரசாங்கம் முடிவு செய்ய வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. பெங்களூர் நிலையத்தின் உரிம ஒப்பந்தத்திலும், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, அதே தொலைவுக்குள் 25 ஆண்டுகள் வேறு நிலையம் எழாது என்று பாதுகாப்பு உண்டு. 2024இல் ஒசூருக்கு ஒரு நிலையம் என்று தமிழக அரசு அறிவித்தவுடன் இந்த விதியே முதலில் பேசப்பட்டது. நம் நிலையமோ பழையது. அதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் பெரியவற்றைக் காக்கும் எண்ணம் எழுத்தில் இருக்கும் அளவு, சிறியவற்றை வளர்க்கும் எண்ணம் எழுத்தில் இல்லை. இதற்கிடையே காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் சென்னையின் இரண்டாம் நிலையத்திற்கு 2025இல் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. நிலத்தை இழக்க மனமின்றி ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடி வருவதையும் நாம் அறிவோம். அந்நிலையம் எழுமாயின் மீனம்பாக்கத்தை விட அது நமக்கு அணிமையில் இருக்கும். ரேணிகுண்டாவின் மீது அதன் நிழல் இன்னும் நீளமாக விழும். அதற்கு முன்பே நமக்குரிய இடத்தை நாம் பெற்றுக்கொள்ள வேண்டாமா?

மற்றொன்றும் நடக்க இருக்கிறது. 2021இல் ஆறு பெரிய நிலையங்களோடு ஏழு சிறிய நிலையங்களைச் சேர்த்துத் தனியார்க்குக் குத்தகை விடுவது என்று திட்டமிட்டார்கள். அந்த ஏழில் திருப்பதியும் ஒன்று. பெரியதன் ஊதியத்தில் சிறியதை வளர்ப்பது நோக்கம் என்கிறார்கள். நோக்கம் நன்று. ஆனால் மூத்த பிள்ளைக்குப் பட்டும் இளைய பிள்ளைக்குப் பழந்துணியும் என்று ஆகாதபடி, சிறிய நிலையத்தில் செய்ய வேண்டிய பணிகளை ஒப்பந்தத்திலேயே ஆண்டு குறித்து எழுத வேண்டும்.

அன்பர்களே, குறைகளை மட்டும் அடுக்கிவிட்டு அமர்வதற்கு நாம் வரவில்லை. நாம் கேட்பது மிகச் சிறிது. அது இரண்டே வேண்டுகோள்களில் அடங்கும்.

முதலாவது, ஆசியான் நாடுகளுக்குத் திறந்த 18 ஊர்களோடு பத்தொன்பதாவதாகத் திருப்பதியைச் சேர்க்க வேண்டும். கயைக்கும் அமிர்தசரசுக்கும் தந்த நியாயம் வேங்கடத்திற்கும் உரியது. கொழும்புக்கும் அவ்வாறே வழி காண வேண்டும்; ஈழத்திலிருந்தும் மலேயாவிலிருந்தும் திருமலைக்கு வரும் தமிழ் அடியார்கள் சென்னையில் இறங்கிச் சாலையில் அலைவது குறையும்.

இரண்டாவது குவைத் பற்றியது. இந்தியாவுக்கும் குவைத்துக்கும் இடையே நெடுங்காலம் வாரத்திற்கு 12,000 இருக்கைகள் என்றே ஒவ்வொரு பக்கத்திற்கும் வரம்பு இருந்தது. 2025இல் அது 18,000 ஆயிற்று. நம் நாட்டு நிறுவனங்களின் பங்கில் மட்டும் ஆறாயிரம் இருக்கைகள் கூடின. 180 பேர் அமரும் விமானம் ஒன்று வாரம் இருமுறை ரேணிகுண்டாவிலிருந்து பறந்தால் செலவாவது 360 இருக்கை. கூடிய நூறு இருக்கையில் ஆறு! பெருநகரங்களுக்குத் தொண்ணூற்று நான்கை வைத்துக்கொண்டு, உழைக்கப் போன ஏழை மக்களின் வட்டாரத்திற்கு ஆறைக் கொடுங்கள் என்கிறோம். இதில் டில்லியின் கனவும் கலையாது. எந்த நிறுவனமும் கவிழாது. புதிய இருக்கைகளைப் பங்கிடும்போதே சிறிய ஊர்களுக்கு இத்தனை என்று ஒதுக்கும் விதி ஒன்றை அரசாங்கம் செய்தால் பொருளுதவியும் தேவைப்படாது.

ஆனால் விமானம் வந்தால் நிரப்புவோமா? இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. சித்தூரின் மாங்கூழ் உலகெங்கும் செல்லுகிறது. சரக்கு உண்டு என்று சிலர் சொல்லுவர். மாங்கூழ் கப்பலில் செல்லும் பொருள். அது விமானத்தை நிரப்பாது. மதனப்பள்ளித் தக்காளியும் லாரியில் செல்லுவதே. நிரப்ப வேண்டியவர் மனிதர். எத்தனை மனிதர்? எந்த மாதத்தில்? எந்த ஊருக்கு? இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் இதுவரை நிறுவனங்களின் கதவைத் தட்டவில்லை. 'பலர் போகிறார்கள்' என்று சொல்லுகிறோம். 'பலர்' என்பது ஓர் எண் அன்று.

ஆகவே நம் சங்கம் ஒரு பணியை மேற்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறோம். வருகின்ற ஓராண்டு காலம் நம் குடும்பங்களின் வெளிநாட்டுப் பயணம் ஒவ்வொன்றையும் ஒரு பேரேட்டில் குறித்து வைப்போம். போன நாள், வந்த நாள், எந்த நாடு, எந்த நிலையம், கொடுத்த கட்டணம், சாலைச் செலவு, வீணான நேரம், இவ்வளவே. தெலுங்குச் சங்கங்களையும், பள்ளிவாசல் குழுக்களையும், தேவாலய சபைகளையும், வளைகுடாவிலிருந்து திரும்பியோரையும் இதில் சேர்த்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அக்கணக்கை விமான நிலைய ஆலோசனைக் குழுவின் முன் வைப்போம். பாராளுமன்ற உறுப்பினர் அக்குழுவில் இருப்பார். விமான நிறுவனங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவோம். கண்ணீருக்கு இரங்காத வணிகர் கணக்குக்கு இரங்குவர். கணக்கு நம் நம்பிக்கைக்கு மாறாக, விமானம் நிரம்பாது என்று சொல்லுமாயின், அதையும் ஏற்றுக்கொண்டு, சென்னை நிலையத்திலிருந்து திருப்பதிக்கும் சித்தூருக்கும் இரவு நேரத்திலும் ஓடும் நல்ல பேருந்துக்கு முயலுவோம். அந்தத் தாயின் மகனுக்கு அதுவும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

ஒரு காலத்தில் இந்த எல்லையைப் பற்றித் தமிழரும் தெலுங்கரும் வழக்காடினோம். நிலத்தில் கோடு கிழித்தாகிவிட்டது. அதை மீண்டும் அழித்து எழுத எவரும் விரும்பவில்லை. வானத்தில் அத்தகைய கோடு இல்லை. குவைத்தில் ஒரே அறையில் படுத்துறங்கும் நகரித் தமிழனும் பீலேற்றுத் தெலுங்கனும் ஒரே விமானத்தில் வந்து ஒரே ரேணிகுண்டாவில் இறங்கட்டும். அவர்களுடைய தாய்மார்கள் அவரவர் மொழியில் அழைக்கும்போது, உரிய நேரத்தில் வீட்டு வாசலில் நிற்கட்டும்.

பேரேட்டின் முதற்பக்கம் இம்மண்டபத்தின் வாயிலில் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. கலைந்து செல்லுமுன் ஒவ்வொரு குடும்பமும் தத்தம் கடைசிப் பயணத்தை அதில் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம் இரு மொழி உறவு!